பாதி மேசையில் இருந்த புத்தகம்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பட்டியல் போட்டால் பிசகாது என்ற பெருமை எனக்கு உண்டு. மயிலாப்பூர் மண்டபம் ஒன்றில் காமிக்ஸ் ரசிகர்கள் புத்தகங்களை மாற்றிக்கொள்ளும் சந்தையில், மேசை ஒதுக்கியது நான்தான். மேசைகள் போதாததால் சலீம் அண்ணனுக்கும் தீபாவுக்கும் ஆளுக்குப் பாதியாக ஒரே மேசையைக் கொடுத்தேன். எது மாற்றுவதற்கு, எது இல்லை என்று இருவரையும் பேசவைக்கத் தோன்றவில்லை.

ஒருவர் எழுந்து போனால் பக்கத்தில் இருப்பவர் அவருக்காகவும் பேரம் பேசுவது அங்கே வழக்கம். சாப்பிட்டுவிட்டு வந்த தீபா அலறினாள். "இங்க இருந்த புக்கு இன்னா ஆச்சு?"

"அத்த குட்த்து டபுள் சைஸ்ல ஒண்ணு வாங்கி வெச்சிகீறேன், பாரும்மா" என்றார் சலீம் அண்ணன் சந்தோஷமாக.

தீபாவின் இறந்துபோன தம்பி அட்டைப்படத்தில் பேனாவால் மீசை வரைந்த புத்தகம் அது. பார்வைக்கு மட்டும் வைத்திருந்தாள்.

மூவரும் ஓடினோம். லஸ் பஸ் ஸ்டாப்பில் அதை வாங்கியவர் நின்றிருந்தார். "மீசைய பாத்து சிரிச்சிக்கினு இருந்தேன்மா" என்றவர், விஷயத்தைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் நீட்டினார்.

இப்போதெல்லாம் மேசை எண்ணைச் சொல்வதற்கு முன், மேசையைப் பகிர்ந்துகொள்ளும் இருவரையும் சேர்த்து நிறுத்தி, "எதை யாருக்கும் கொடுக்கக் கூடாது?" என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். அடுத்த சந்தையில் தீபா, "ஒண்ணும் இல்லக்கா, எழுதாத" என்றாள். அந்தப் புத்தகத்தை அவள் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.