சொடக்கு மாப்பிள்ளையின் கத்திச் சோதனை

சொடக்கு என்ற பெயரை முதன்முதலில் கேட்டபோது அண்ணி அதை ஒரு நாயின் பெயர் என்றே நினைத்தாள். அவள் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவள் கணவனின் பெரியப்பா மகள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். இரண்டாவது மகள், மூத்தவளுக்கு ஊர்க் காரியத்தில் தலையிடும் பழக்கம் கிடையாது.

"சொடக்கு வீட்ட விட்டு எங்கயும் போகாது. வேளைக்குப் போட்டா சாப்பிட்டுட்டு ஒரு மூலையில படுத்துக்கும். வம்பு தும்பு கெடையாது."

"கடிக்குமா?" என்று அண்ணி உள்ளேயிருந்து கேட்டாள்.

"நம்ம பொண்ணுக்குப் பாத்திருக்கற மாப்பிள்ளையப் பத்திப் பேசிட்டிருக்கேன்" என்றாள் பெரியப்பா மகள்.

அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாயாகவே இருந்திருக்கலாம் என்று பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

அவளை அண்ணி என்று முறையோடு கூப்பிட வேண்டியவள் ஒருத்திதான், கணவனின் தங்கை. அந்த நாத்தனாரைத்தான் சொடக்குக்குக் கொடுத்தார்கள். ஆனால் நாத்தனார் கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு, கணவனின் பட்டறையில் வேலை செய்கிறவர்கள், அவளைவிட வயதில் மூத்த சாணைக்காரர் உட்பட, எல்லோரும் அவளை அண்ணி என்றே கூப்பிட்டார்கள்.

சொடக்குக்கு அந்தப் பெயர் வந்ததில் அவன் தாய்க்குப் பெரிய பங்கு உண்டு. நான்கு பெண்களுக்குப் பிறகு பிறந்த பையன். தண்ணீர் வேண்டுமென்றால் வாயைத் திறக்க மாட்டான், விரலைச் சொடுக்குவான். அம்மா ஒரு பக்கமிருந்தும் அக்காக்கள் நாலு பக்கமிருந்தும் ஓடி வருவார்கள். உலகம் முழுக்க அம்மாவும் அக்காக்களும்தான் என்று நினைத்துக்கொண்டு அவன் வேலைக்குப் போனான். அச்சகத்தில் போர்மேனைப் பார்த்துச் சொடுக்கினான். போட்டோ ஸ்டூடியோவில் வாடிக்கையாளரைப் பார்த்துச் சொடுக்கினான். பம்பு ரிப்பேர் கடையில் முதலாளியைப் பார்த்தே சொடுக்கினான். மூன்று இடத்திலும் போன சுருக்கில் திரும்பி வந்தான். வரும்போது அந்தத் தொழிலை எப்படி நடத்த வேண்டும் என்று ஒரு கருத்தையும் கொண்டு வந்தான்.

கல்யாணமான பிறகு நாத்தனார் தன் அண்ணனிடம் வந்து நின்றாள். "அண்ணா, உன் பட்டறையில அவருக்கு ஒரு நாற்காலி போட்டுக் குடேன்." வேலை என்று அவள் கேட்கவில்லை. நாற்காலி என்றுதான் கேட்டாள். பட்டறைக்காரர் சக்கரம் வைத்த நாற்காலியாகவே வாங்கிப் போட்டார்.

அந்தப் பட்டறையில் செய்வது மடக்குக் கத்தி. மடக்கி வைத்திருக்கும்போது கைப்பிடியின் முதுகில் ஒரு சின்ன நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதை ஆள்காட்டி விரலால் அமுக்கினால் அலகு டக்கென்று சுழன்று வெளியே வந்து நிற்கும். அமுக்காதவரை உள்ளேயே கிடக்கும். அப்படி அடக்கி வைப்பது கைப்பிடியின் ஒரு பக்கத்தில் இருக்கும் எஃகுப் பட்டை. பட்டையின் உள்பக்கம் கடுகளவு ஒரு குண்டு. அது உட்கார அலகில் ஒரு குழி. பட்டை எவ்வளவு அழுத்துகிறதோ கத்தி அவ்வளவு டைட்.

பட்டையை வளைத்து அழுத்தம் வைப்பது அண்ணியின் வேலை. அதற்கு அவள் வைத்திருந்த அளவு இதுதான்: தலைகீழாகப் பிடித்து உதறினாலும் வாயைத் திறக்கக் கூடாது, விரல் கேட்டால் ஒரே மூச்சில் முழுக்கத் திறக்க வேண்டும், பாதியில் நின்று யோசிக்கக் கூடாது. மாமியார்கள் மருமகளிடம் எதிர்பார்ப்பதும் ஏறக்குறைய இதுவே என்பதால், இந்த வேலையை அவளுக்கு யாரும் தனியாகக் கற்றுக்கொடுக்கத் தேவைப்படவில்லை.

சொடக்கைக் கடைசிச் சோதனைக்கு உட்கார்த்தினார்கள். கத்தியை எடுத்துத் திறந்து பார்த்து மூட வேண்டும். இதில் கெடுக்க என்ன இருக்கிறது என்று பட்டறைக்காரர் நினைத்தார். மைத்துனனைச் சரியாக எடைபோடவில்லை.

முதல் நாளே சொடக்கு கத்தியை எடுத்தான், முகத்தைச் சுளித்தான், அமுக்கினான். திறக்கவில்லை. "டைட்" என்றான். அடுத்தது. "இதுவும் டைட்." உதட்டைக் கடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரிய அமுக்கிப் பார்த்துவிட்டு, ஒரு ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டுப் பட்டையை வெளிப்பக்கம் நெம்பினான். "கத்தின்னா சொடக்குப் போடற மாதிரி தெறக்கணும் மச்சான். அக்காவுக்குக் கை கனம்." அக்கா என்றது அண்ணியை.

அப்படியே நாலு மாதம் ஓடியது. அண்ணி வைக்க, அவன் நெம்ப, தட்டு தட்டாகக் கத்திகள் போயின. அவன் ஆள்காட்டி விரலில் காய்ப்பு விழுந்தது. நாத்தனார் அதற்குப் பிளாஸ்திரி சுற்றி, போகிற வருகிறவர்களிடமெல்லாம் காட்டினாள். "அண்ணனுக்காக அவரு வெரலையே குடுத்திருக்காரு."

பிறகு ஒரு நாள் கடைக்காரர் வந்தார். பட்டறையில் செய்கிற கத்தி முழுவதையும் வாங்கி விற்கிறவர் அவர் ஒருவர்தான். மேஜையில் ஒரு பேன்டை விரித்துப் போட்டார். பாக்கெட்டில் ஆரம்பித்துத் தொடை வரை கிழிந்திருந்தது.

"யாரோடதுங்க இது?" என்றார் பட்டறைக்காரர்.

"என்னோடது. பஸ்ஸுல உக்காந்தேன். உங்க கத்தி பாக்கெட்டுக்குள்ள தானா தெறந்துக்கிச்சு. அரை அங்குலம் அந்தப் பக்கம் போயிருந்தா என் வம்சம் அதோட சரி."

சாணைக்காரர் சாணையை நிறுத்திவிட்டு ஆர்வமாகப் பார்த்தார்.

"பேன்ட் ரொம்ப டைட்டா போட்டிருப்பீங்க" என்றான் சொடக்கு, நாற்காலியில் அரைவட்டம் சுழன்று.

கடைக்காரர் அவனைப் பொருட்படுத்தவில்லை. "எல்லாத்தையும் திருப்பிக் கொண்டு வந்திருக்கேன். அடுத்த வாரம் வருவேன். ஒவ்வொண்ணா உதறிப் பாப்பேன். ஒண்ணு தெறந்தாலும் நான் வேற பட்டறை பாத்துக்கறேன். டைட் வைக்கறது யாரு இங்க?"

பட்டறைக்காரர் தரையைப் பார்த்தார். வாசலில் தங்கை நின்றுகொண்டிருந்தாள், சாப்பாட்டுப் பையோடு. ஒருமுறை மாப்பிள்ளையிடம் நேரத்துக்கு வரச் சொன்னதற்கு அவள் ஒரு மாதம் இந்த வாசல் பக்கம் வரவில்லை. "என் வீட்டுக்காரிதாங்க" என்றார்.

அது பொய்யும் இல்லை. அதனால்தான் அண்ணிக்கு அவ்வளவு எரிந்தது.

"நான் வைக்கறேன். அப்புறம் அவரு நெம்பறாரு. அதையும் சேத்துச் சொல்ல வேண்டியதுதானே?" என்று கடைக்காரர் போன பிறகு கேட்டாள்.

"மெதுவாப் பேசு. மாப்பிள்ள காதுல விழும்."

"விழட்டும். பட்டறைய மூடிட்டா அப்புறம் மாப்பிள்ள எந்த நாற்காலியில சுத்துவாராம்?"

"நீயே எப்படியாவது சரி பண்ணிடும்மா" என்று சொல்லிவிட்டு அவர் கழிவறைப் பக்கம் போனார். பேச்சு முற்றும்போதெல்லாம் அவருக்கு அங்கே வேலை வந்துவிடும்.

அண்ணி ஒரு வாரம் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்து எல்லாக் கத்திக்கும் மறுபடி அழுத்தம் வைத்தாள். மற்ற நாளில் அவன் மேஜையில் தட்டை வைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிவிடுவாள். அவன் சுவர்க் காற்றாடியைப் பார்த்து உட்காருகிறவன், மற்றவர்களுக்குத் தெரிவது அவன் முதுகுதான். வேலை முடிந்த அன்று அவள் தட்டைக் கையைவிட்டு விடவில்லை. முன்னால் போய் நின்று, ஒரு கத்தியை மட்டும் எடுத்து நீட்டினாள்.

சொடக்கு வாங்கினான். உதட்டைக் கடித்தான். அமுக்கினான். "டைட்" என்றான்.

அவள் அவன் கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் நாக்கை அமுக்கிக்கொண்டிருந்தது. நடுவிரலும் மோதிர விரலும் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தன; பிடித்த இடம் சரியாக அந்தப் பட்டையின் மேல். விரல் அழுத்த அழுத்தப் பட்டை உள்ளே போகிறது, குண்டு குழியில் இன்னும் இறங்குகிறது. உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு, கதவு திறக்கவில்லை என்று முட்டுகிற ஆள். நாலு மாதமாக அந்த மனிதன் தன் கையோடேயே சண்டை போட்டிருக்கிறான். அதற்கு வைத்தியமாக ஊரார் பேன்டைக் கிழித்திருக்கிறான்.

"தம்பி, அந்த நடுவெரல எடுங்க."

"என்னது?"

"நடுவெரலையும் அடுத்ததையும் பட்டைய விட்டு எடுங்க. ஓரத்துல பிடிங்க. இப்ப அமுக்குங்க."

"அண்ணி, அவருக்கே வெரல் வலிக்குது, நீங்க வேற" என்றாள் சாப்பாடு கொண்டு வந்திருந்த நாத்தனார்.

சொடக்கு விரலை எடுத்தான். பழக்க தோஷத்தில், மலையைப் புரட்டுகிற பலத்தோடு நாக்கை அமுக்கினான். கத்தி டக்கென்று திறந்தது. திறந்த வேகத்தில் கையைவிட்டுப் பாய்ந்து காற்றாடிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த காலண்டரில் போய்க் குத்தி நின்றது. சொடக்கு தன் விரலையும் காலண்டரையும் மாறி மாறிப் பார்த்தான். கொஞ்ச நேரம் முகத்தில் அசடு வழிந்தது. ஆனால் அவன் முகத்தில் எதுவும் அதிக நேரம் தங்காது.

"பாத்தீங்களா!" என்றான். "இத்தன நாளா தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இப்பதான் அக்காவுக்குக் கை வந்திருக்கு."

சாணைக்காரர் தலையைச் சாணைக்குள் புதைத்துக்கொண்டார்.

அண்ணி அன்றே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தன் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். அதற்கு அவன் கோபித்துக்கொள்ளவில்லை. விரலை எடுத்துவிட்டுத் திறந்து பார்த்து, ஒவ்வொரு கத்திக்கும் "சரி, சரி" என்று தலையாட்டிக்கொண்டிருந்தான்.

கடைக்காரர் வந்தார். தட்டிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகத் தலைகீழாகப் பிடித்து உதறினார். ஒன்றும் வாய் திறக்கவில்லை. பிறகு அமுக்கினார். டக். இன்னொன்று. டக். அவர் முகம் தெளிந்தது. "பிரமாதம். யாரு கை இது?"

"நம்ம கைதான்" என்றான் சொடக்கு, நாற்காலியை முன்னால் உருட்டிக்கொண்டு. "எல்லாம் பிடிக்கற பிடியில இருக்கு சார். நடுவெரல் பட்டையில படக் கூடாது. படிச்சவங்களுக்கே இது தெரியறதில்ல."

எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். பட்டறைக்காரர் இம்முறை கூரையைப் பார்த்தார்.

"அட, ஆமா!" என்றார் கடைக்காரர். "முன்னாடியெல்லாம் கடைக்கு வர்றவன்ல பாதிப் பேரு டைட்டா இருக்குன்னு திருப்பி வச்சுட்டுப் போவான். பிடிக்கத் தெரியலைன்னு இப்பதான் எனக்கே புரியுது. எனக்கு இப்படி ஒரு ஆளுதான் வேணும். கடைக்கு அனுப்புவீங்களா?"

பட்டறைக்காரர் தங்கையின் முகத்தைப் பார்த்து இழுத்தார். "மாப்பிள்ள இல்லாம இங்க..."

அண்ணிக்குத் தொண்டை வரை வந்தது. இது என் கை என்று சொல்ல மூன்று சொல் போதும். சொன்னால் பெயர் அவளுக்கு, நாற்காலி அவனுக்கு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அதிலேயே சுழன்றுகொண்டிருப்பான். ஸ்க்ரூ டிரைவர் உலகத்தில் ஒன்றுதானா இருக்கிறது? அவள் வைக்கிற அழுத்தம் அவள் வைத்தபடி வெளியே போக வேண்டும். அதற்கு வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

"அவரு கையேதாங்க" என்றாள். "நாங்கல்லாம் சும்மா எடுபிடி. எப்ப கூட்டிட்டுப் போறீங்க?"

சாணைக்காரருக்குப் புரை ஏறியது. நாத்தனார் பெருமையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணியின் கையைப் பிடித்தாள். "உங்க மனசு யாருக்கும் வராது அண்ணி."

எல்லோரும் போன பிறகு பட்டறைக்காரர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "உன் பேர எதுக்கு அவனுக்கு விட்டுக்குடுத்த?"

"விட்டுக்குடுக்கல. விலை குடுத்து வெளிய தள்ளியிருக்கேன்" என்றாள் அண்ணி. "நீங்க வாயத் தெறப்பீங்கன்னு உக்காந்திருந்தா எனக்கு முடி நரைச்சிரும்."

அவர் கழிவறைப் பக்கம் போனார்.

சொடக்கு இப்போது கடைக்காரரின் கடையில், முன் கவுன்ட்டரில் இருக்கிறான். காலையில் போய்க் கடை மூடும்வரை, வருகிறவர்களுக்குக் கத்தியை எப்படிப் பிடிப்பது என்று காட்டுகிறான். மதியச் சாப்பாட்டை நாத்தனார் அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறாள்.