வலது கையில் தடி

நான் ஏற்காட்டில் ஜீப் ஓட்டுகிறவன். எங்கள் ஸ்டாண்டில் யாருக்கு இடது முட்டி வலித்தாலும் அதற்கு ஒரே பெயர்தான், கிளட்ச் கால். வைத்தியமும் ஒன்றுதான். முட்டிக்குத் தைலம் தேய்த்து, மேலே ஓர் உறையை மாட்டிக்கொண்டு அடுத்த டிரிப்புக்குக் கிளம்ப வேண்டும். நானும் இரண்டு வருஷம் தேய்த்தேன். முட்டி பளபளவென்று ஆனது, வலி அப்படியே இருந்தது.

வலி முட்டியில் மட்டும் இல்லை, தொடை இடுக்கிலும் இருந்தது. அதை வெளியே சொல்ல வெட்கம். ஸ்டாண்டில் சொன்னால் என்னென்ன வியாதியைக் கட்டிவிடுவார்கள் என்று தெரியும். நானே பிறருக்கு அப்படிக் கட்டிவிட்டிருக்கிறேன். பிறகு கால் நகம் வெட்டக் குனிய முடியாமல் போனது, மனைவிதான் வெட்டிவிட்டாள். இடது காலைக் கையால் தூக்கி ஜீப்புக்குள் வைக்கிற நிலை வந்ததும் சேலத்துக்குப் பஸ் ஏறினேன்.

எலும்பு டாக்டர் பளபளக்கிற முட்டியைக் கண்டுகொள்ளவே இல்லை. படுக்கவைத்து, காலை மடக்கி, லேசாக உள்பக்கம் திருப்பினார். அலறிவிட்டேன். எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டைக் காட்டினார். தொடை எலும்பின் தலை பந்து மாதிரி ஒரு கிண்ணத்துக்குள் சுழல வேண்டும். நடுவில் இருக்கிற வழுவழுப்பான குருத்தெலும்பு எனக்குத் தேய்ந்துவிட்டதால் எலும்பும் எலும்பும் உரசுகின்றனவாம். கெட்டது இடுப்பாக இருந்தாலும் வலி முட்டியிலும் தெரியும் என்றார். நான் இரண்டு வருஷம் தைலம் தேய்த்தது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டின கதைதான்.

எடுத்த எடுப்பில் கத்தி வேண்டாம் என்றார் டாக்டர். எடையைக் குறைக்க வேண்டும், தொடைக்கும் இடுப்புக்கும் பயிற்சி செய்ய வேண்டும், வலி மாத்திரையை அவர் சொன்ன அளவுக்கு மேல் தொடக்கூடாது. ஊசி போட்டால் கொஞ்ச காலம் தாங்கும், ஆனால் தேய்ந்தது திரும்ப வளராது. இதற்கெல்லாம் அடங்காமல் வலி தூக்கத்தையும் பிழைப்பையும் கெடுத்தால் செயற்கை மூட்டு வைக்கலாம். கடைசியாக ஒரு தடி வாங்கச் சொன்னார், அதை வலி இல்லாத பக்கத்துக் கையில் பிடிக்கச் சொன்னார். வலிக்கிற கால் தரையில் பதியும்போது எதிர்ப்பக்கத்துத் தடியும் கூடவே பதிய வேண்டும், அப்போதுதான் அந்த மூட்டின் மேல் விழுகிற பாரம் குறையும். ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்து பார்த்தேன். உண்மையாகவே குறைந்தது.

அந்தத் தடியோடு ஸ்டாண்டுக்குப் போனேன். கொட்டச்சேடு பக்கத்து எஸ்டேட் டிரிப் என்றால் குண்டும் குழியுமான வழி, கிளட்சிலிருந்து காலை எடுக்கவே முடியாது. கொஞ்ச நாளைக்கு அதை விட்டுவிட்டு ஏரி, வியூ பாயிண்ட் என்று ஓட்டிக்கொள்கிறேன் என்று கேட்டேன். யாருக்கு எந்த டிரிப் என்று ஸ்டாண்டில் முறை சொல்கிறவன் என்னைவிட எட்டு வயது இளையவன், அவனுக்கு வண்டி பழக்கிவிட்டதே நான்தான். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"ஏனுங்ண்ணா, வலி இடது காலுல, தடி சோத்தாங்கையிலீங்களா? நடிக்கறதையாச்சும் ஒழுங்கா நடிங்க."

ஸ்டாண்டே சிரித்தது. டாக்டர் சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன், சிரிப்பு இன்னும் கூடியது. டிரிப்பை மறுத்தால் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும் என்பது எங்கள் கட்டுப்பாடு. அதன்படி, ஒன்று எஸ்டேட் வழியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன், இல்லையென்றால் கடைசியில் நின்றேன். வாடகை வராத நேரங்களில் அவன் ஒரு வைப்பரை வலது கையில் பிடித்து இடது காலை நொண்டிக் காட்டுவான். அச்சு அசலாக நானேதான். ஏழு மாதம் இது நடந்தது. அவனை மட்டும் நான் மன்னிக்கப்போவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

எடை குறைந்தது, பயிற்சியும் செய்தேன், ஆனாலும் மூட்டு தாங்கவில்லை. டாக்டரிடம் போய் மாற்றிவிடுங்கள் என்றேன். ஆபரேஷனுக்கு மறுநாளே வாக்கரைக் கொடுத்து நிற்க வைத்தார்கள். பிசியோதெரபி பெண் பத்து அடி நடக்கச் சொல்வாள். பத்து நடந்துவிட்டு, அவன் முகத்தை நினைத்துக்கொண்டு பதினொன்றாவதையும் வைப்பேன். உங்களுக்கு மனதைரியம் அதிகம் என்று அவள் பாராட்டினாள். தைரியம் இல்லை அம்மணி, வன்மம். தரையில் உட்காராமல், தாழ்வான நாற்காலியைத் தொடாமல், கால்மேல் கால் போடாமல் சொன்னபடி இருந்தேன். டாக்டர் சோதித்துப் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் கிளட்சில் கால் வைத்தேன். முதல் டிரிப்பாக எஸ்டேட் வழியையே கேட்டு வாங்கினேன், அவன் பார்க்க வேண்டும் என்பதற்காக.

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். அவனுக்கு வந்தது. இடது காலைக் கையால் தூக்கி வண்டிக்குள் வைக்கிறான். செருப்பு வார் மாட்டக் குனிய முடியாமல் சுவரைப் பிடிக்கிறான். மற்றவர்கள் கிளட்ச் கால் என்கிறார்கள். எனக்கு என்னவென்று தெரியும். ஒரு தடியும் வாங்கினான், அதை இடது கையில், வலிக்கிற பக்கமே பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் முகம் சுளிக்கிறான். ஒருநாள் வலது கைக்கு மாற்றிப் பார்த்தான். நடிக்கிறதையாவது ஒழுங்காக நடி என்று டீக்கடையிலிருந்து எவனோ குரல் கொடுத்தான். தடி உடனே பழைய கைக்கே போய்விட்டது. அவன் சொல்லிக்கொடுத்த வசனம்தானே.

போன வாரம் என்னிடமே வந்தான். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டான். "ஏனுங்ண்ணா, அப்பல்லாம் முட்டிக்கு என்ன தைலமுங்க போட்டீங்க?"

தைலத்தின் பெயரைச் சொன்னேன். எந்தக் கடையில் கிடைக்கும் என்பதையும் சொன்னேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவன் நன்றி சொல்லிவிட்டு, தடியை இடது கையில் ஊன்றிக்கொண்டு போனான்.

அன்று சாப்பிடும்போது மனைவியிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"கையை மாத்திப் புடி, சேலத்துக்குப் போயி இடுப்பைக் காட்டுன்னு ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க. இதை வெச்சுக்கிட்டு ஞாயித்துக்கெழம சர்ச்சுப் பூசையில எப்படீங்க நிப்பீங்க?"

நின்றுகொண்டுதான் இருக்கிறேன், புது மூட்டில் நேராகவே. ஜெபத்தில் பிறர் குற்றத்தை நாங்கள் மன்னிப்பதுபோல என்கிற வரி வரும்போது மட்டும் எனக்கு இருமல் வந்துவிடுகிறது. சொல்லாமல் சாக மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஏழு மாதம் முடிந்த அன்று நானே அவன் கையைப் பிடித்துத் தடியை மாற்றிவிடுவேன், என் வண்டியிலேயே சேலத்துக்குக் கூட்டிப்போவேன். இது அவனுக்கு நாலாவது மாதம்.