கட்டிய ரத்தம் கரைந்த நாள்

ஆபரேஷன் துணிகளை தேவசகாயம் பச்சைத் தண்ணீரில்தான் அலசுவார். "சுடுதண்ணி ஊத்துனா கறை அப்பிக்கும். அப்புறம் இன்னா தேச்சாலும் போவாது" என்பார். கிணற்றடியில் குந்தி, துணியில் ஒட்டிய ரத்தக்கட்டிகளைக் கட்டைவிரலால் வழித்தெறிவார். வாய் மட்டும் மாதா ஜெபத்தை முணுமுணுத்தபடி இருக்கும்.

செஞ்சிக் கடைத்தெருவில் டாக்டர் அரங்கநாதன் நடத்தும் பன்னிரண்டு கட்டில் ஆஸ்பத்திரியில் அவர் அட்டெண்டர். பதினாறு வருஷம் ரத்தத்தோடு பழகியும் பயம் போகவில்லை. "ஓடுற ரத்தத்துக்கு நான் பயப்படமாட்டேன். கட்டாத ரத்தத்தப் பார்த்தாத்தான் பயம்." நாலு வருஷத்துக்கு முன் பிரசவத்தில் ஒரு பெண் இறந்துபோனாள். அவள் துணிகளை அலசியபோது வழித்தெறிய ஒரு கட்டிகூட இல்லை. அவள் உயிரோடு இருக்கும்போதே பேசினில் பிடித்த ரத்தம் கட்டாததைக் கவனித்திருந்தார். வாய் திறக்கவில்லை. "அட்டெண்டரு இன்னாத்த சொல்றது?"

அறுபத்தாறாம் வருஷம் சித்திரையில் முருகையன் என்பவனைக் கட்டைவண்டியில் கொண்டுவந்தார்கள். மாடு முட்டி ஈரல் கிழிந்திருந்தது. காமாலையில் ஏற்கெனவே கெட்டுப்போன ஈரல். டாக்டர் தைத்தார், துணி வைத்து அழுத்தினார். ரத்தம் நின்றது. "பிழைச்சுக்குவான்" என்று வயிற்றை மூடத் தொடங்கினார்.

தேவசகாயத்தின் கண் பேசினுக்குப் போனது. அரைமணி முன்பு நுங்குபோல் உறைந்திருந்த ரத்தம் ஓரங்களில் இளகிக்கொண்டிருந்தது. சாய்த்துப் பார்த்தார். தண்ணீராய் ஓடியது. முருகையனின் கையில் ஊசி குத்திய இடத்திலிருந்தும் புதிதாக ஒரு செங்கோடு இறங்கியது. டாக்டர் கோபக்காரர். ஆனாலும் தேவசகாயம் வாயைத் திறந்தார்.

"ஐயா… கட்டுன ரத்தம் கரையுதுங்கய்யா."

"என்ன உளர்றே?"

"பேசினப் பாருங்கய்யா. மூடாதீங்க."

டாக்டர் பார்த்தார். போட்ட தையலைப் பிரித்தார். உள்ளே ஈரலின் மேலெல்லாம் ரத்தம் வியர்வைபோலக் கசிந்துகொண்டிருந்தது. எதைப் பிடித்துக் கட்டுவது?

"இப்ப எடுத்த புது ரத்தம் வேணும். கட்டவைக்கிற சத்து அதுலதான் இருக்கு. கூட வந்தவன் யாரு?"

வாசலில் நின்ற முருகையனின் தம்பி இளையபெருமாள் ஊசியைக் கண்டதும் பின்வாங்கினான். "ரத்தம் குடுத்தா நான் செத்துப் பூடுவேண்ணா!"

தேவசகாயம் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "எனக்கும் பயந்தாண்டா. வா, ரெண்டு பேரும் படுக்கலாம்."

சோதித்ததில் இருவர் ரத்தமும் பொருந்தியது. பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் படுத்தார்கள். இரண்டு பாட்டிலும் ஏறி முடிந்தபின், சாயங்காலம் கசிவு நின்றது. மூன்று வாரம் கழித்து முருகையன் தானே நடந்துபோய் வண்டியேறினான்.

ஆனால் அவன் பிழைப்பான் என்று அன்று சாயங்காலம் யாருக்கும் தெரியாது. தேவசகாயம் வீடு திரும்பியபோது மனைவி ராயம்மாள் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். புருஷன் வந்த திசையில் தலை திரும்ப, அரிவாள்மணை விரலில் பட்டுவிட்டது. அவர் பாய்ந்து அந்த விரலைப் பற்றி அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் ரத்தம் கட்டியது.

"அதான் நின்னுபோச்சே, விடுய்யா. அடுப்புல கொழம்பு தீயுது."

அவர் விடவில்லை. காய்ந்துவிட்ட அந்தச் சின்னச் சிவப்புப் புள்ளியைக் கண்கொட்டாமல் பார்த்தபடி, விரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.