சோம்பு வாசனை

எண்ணெய் எடுக்கும் செம்பனையின் பெண்பூ விரியும்போது சோம்பு வாசனை வரும். ஒரு மரத்தின் மகரந்தத்தை இன்னொரு மரத்தின் பூவில் சேர்த்துப் பார்ப்பதுதான் நானும் தோழியும் செய்துவந்த ஆய்வு. வண்டு புகாதபடி பூங்குலையைப் பையால் மூடிக் கட்டியிருப்போம். வாசனை வந்ததும் உள்ளே மகரந்தத் தூளை ஊத வேண்டும். முந்தினாலும் வீண், பிந்தினாலும் வீண். பூ என்ன, நம் வசதிக்கா விரியும்? அந்தக் கவலையில் எனக்குத் தூக்கமே சரியில்லை.

டுரியான் துங்கால் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் அன்று மதியம் ஏணியில் ஏறிப் பையில் மூக்கை வைத்தேன். பையின் பிளாஸ்டிக் சாளரம் வியர்த்திருந்ததால் உள்ளே எதுவும் தெரியவில்லை. வாசனை மட்டும் தூக்கலாக வந்தது.

"வருதுடி," என்று ஊதுகுழாயை எடுத்தேன்.

கீழே ஏணியைப் பிடித்திருந்த தோழி, "எனக்கு இங்கயே வருது லா," என்றாள்.

அவ்வளவு தூரத்துக்கு எப்படி வரும்? பூ விரிந்திருந்தால் பைமேல் வண்டுகள் மொய்த்திருக்க வேண்டும், ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் என் பல்லிடுக்கில் ஒரு சோம்பு கடிபட்டது. வாழையிலைச் சாப்பாடு முடிந்து கல்லாவில் ஆளுக்கொரு பிடி அள்ளி மென்றுகொண்டே வந்திருந்தோம்.

இறங்கி, வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி ஏறினேன். வாசனையே இல்லை. நல்லவேளை என்று மூச்சுவிட்டேன்.

தோழி தண்ணீர்ப் போத்தலை மூடாமலே நின்றாள்.

"நேத்து அந்த மரத்துக்கு ஊதினோமே," என்றாள். "அதுவும் சாப்பிட்டுட்டு வந்துதானே?"