கையால் திறக்கும் வால்வு

வேலை போன கதையைக் கேட்டால் குணரத்தினம் ஒரே வரியில் முடித்துவிடுவார். "ஃபக்டரியைப் பூட்டிப்போட்டாங்கள்." அதற்குமேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் பிடுங்க முடியாது. மொன்றியலின் தையல் ஆலைகள் ஒவ்வொன்றாக இழுத்து மூடப்பட்ட காலம் அது. வந்திறங்கிய கையோடு நீராவி இஸ்திரிக்குப் பின்னால் போய் நின்றவர், கோட்டுகளின் கொலரை மடித்து மடித்தே தலை நரைத்துப்போனார். பிரெஞ்சில் 'பொன்ஜூர்', 'மெர்சி' தவிர வேறொன்றும் வாயில் நுழையாது. ஐம்பது தாண்டிய அப்படிப்பட்ட ஆளைக் கூப்பிட்டு வேலை கொடுக்க இந்த ஊரில் யாருக்குப் பைத்தியம்?

நகரின் ஓரத்தில், பியர்பொன்ட்ஸில், தங்கை சிவநேசத்தின் வீட்டு பேஸ்மெண்டில் அவருக்கு ஓர் அறை இருந்தது. அந்தத் தங்கையைக் கனடாவுக்கு எடுத்ததும் அவர்தான். இரவிச்சந்திரனைப் பார்த்துக் கட்டிவைத்ததும் அவர்தான். அந்த அலைச்சலில் தன்னுடைய கலியாணத்தை மறந்துபோனார். பிறகு மற்றவர்களும் மறந்துபோனார்கள். இப்போது உழைப்பில்லாமல் தங்கை வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது அவருக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மேலே வருவார். கேட்டால் பசியில்லை என்பார். பொய். பசியில் வயிறு கூவுவது படிக்கட்டு வரை கேட்கும்.

இப்படி இருக்கையில்தான், இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு தை மாதம், மூக்கு நுனி கழன்று விழுந்துவிடுமோ என்று பயப்படும்படியான குளிரில், மேல்மாடி ஹீற்றர் நின்றுபோனது. நடுத்தளத்தில் சூடு இருந்தது. படுக்கையறைகளில் மட்டும் பச்சைத் தண்ணீர்க் குளிர். சிவநேசத்தின் மகள் நிரோஜா போர்வையைச் சுற்றிக்கொண்டு பள்ளிப் பாடம் படித்தாள்.

பொயிலர் இருந்தது குணரத்தினத்தின் அறைக்குப் பக்கத்தில். அதிலிருந்து மூன்று செப்புக் குழாய்கள் பிரிந்து பேஸ்மெண்டுக்கும் நடுத்தளத்துக்கும் மேல்மாடிக்கும் போகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளை வால்வு. அதன் தலையில் சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு தகரப் பெட்டி. மேலே தெர்மோஸ்டாட்டைக் கூட்டினால் பெட்டிக்குள் இருக்கும் சின்ன மோட்டார் சுழன்று வால்வைத் திறக்கும். திறந்ததும் பொயிலர் எரியத் தொடங்கும். குணரத்தினம் குழாய்களைக் கையால் தொட்டுப் பார்த்தார். மேல்மாடிக் குழாய் வால்வு வரைக்கும் சுட்டது. வால்வுக்கு அப்பால் ஐஸ். நடுத்தளத்து வால்வு திறக்கும்போது கேட்கும் மெல்லிய இரைச்சல் இதில் கேட்கவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் வால்வைக் கையால் திறக்க ஒரு சிறிய நெம்பு இருந்தது. அதைத் தள்ளிக் கொக்கியில் மாட்டினார். கொஞ்ச நேரத்தில் அப்பால் இருந்த குழாயும் சுட்டது.

அதோடு முடிந்துவிடவில்லை. கையால் திறந்தால் பொயிலருக்கு அது தெரிய வராது; தன்பாட்டில் தூங்கும். அதை எழுப்ப பேஸ்மெண்ட் தெர்மோஸ்டாட்டையும் கூட்டிவிட வேண்டும். ஆகவே மேலே இருப்பவர்கள் சுகமாக இருக்க, கீழே குணரத்தினம் தை மாதத்தில் பெனியனோடு வியர்த்துக்கொண்டிருப்பார். நெம்பைத் திறந்தபடி விட்டாலும் ஆகாது. மேல்மாடி அடுப்பாகிவிடும், நிரோஜாவுக்கு மூக்கால் இரத்தம் வரும். அதனால் சூடு வேண்டுமென்றால் சிவநேசம் குதிக்காலால் நடுத்தளத்துத் தரையில் ஒரு தட்டு, போதுமென்றால் இரண்டு தட்டு. கீழே குணரத்தினம் எழுந்து போய்த் திறப்பார், பூட்டுவார்.

குளிர் உச்சத்தில் இருந்ததால் பிளம்பர்களைப் பிடிப்பது கஷ்டம், இரண்டு நாள் சமாளிப்போம் என்றார்கள் வீட்டில். இரண்டு நாள் இரண்டு கிழமையானது. பிறகு அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

மனிதருக்கு உயிர் வந்துவிட்டது. காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து வால்வைத் திறந்துவிட்டு மேலே வந்து, நிரோஜாவிடம் அறை சூடா என்று கேட்பார். "சூடுதான் மாமா" என்பாள் அவள். பிறகு இரவிச்சந்திரனோடு ஒரே மேசையில் உட்கார்ந்து பாணும் சம்பலும் சாப்பிடுவார். கோயிலுக்கு வரச் சொன்னால், வீட்டை யார் பார்ப்பது என்று கேட்பார். அந்தக் கேள்வியில் இருந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெரிய அணைக்கட்டுக்குப் பொறுப்பான எஞ்சினியர்கூட அவரிடம் தோற்றுப்போவார்.

அந்த மாசியில் ஆனந்தராசா அவருக்குப் போன் எடுத்தார். ஆலையில் பக்கத்து இஸ்திரியில் நின்றவர், இப்போது துறைமுகத்துக்கு அருகே ஒரு சாமான் கிடங்கில் வேலை செய்கிறார். அங்கே ஓர் இடம் காலியாம். பாரம் தூக்கத் தேவையில்லை, பெட்டிகளைப் பார்த்துப் பிரித்து வைத்தால் சரி. மேலாளர் ஆனந்தராசாவின் சொல்லை நம்பி ஆளைப் பார்க்காமலே எடுக்கத் தயார். பியர்பொன்ட்ஸிலிருந்து பஸ்ஸிலும் மெட்ரோவிலும் தினமும் போய்வர முடியாது. அதனால் தன் அறையிலேயே ஒரு கட்டில் போடலாம் என்றார்.

ஆலை மூடிய நாளிலிருந்து குணரத்தினம் ஏங்கியது இதற்குத்தான். சொந்த உழைப்பு, சொந்தச் சோறு, யாருடைய தட்டையும் பார்த்துக் கூச வேண்டியதில்லை. ஆம் என்று சொல்ல வாய் எடுத்தார். அந்த நேரம் பார்த்து மேலே தரையில் ஒரு தட்டு விழுந்தது.

"இப்ப ஏலாது ராசா," என்றார். "நான் இல்லாட்டி இஞ்சை வீடு விறைச்சுப் போகும்."

இதைத் தங்கையிடம் அவர் சொல்லவில்லை. சொன்னால் போங்கள் என்பாள், பிறகு குளிரில் கிடந்து நடுங்குவாள் என்று நினைத்தார். பனி உருகிய பிறகு அவரே ஆனந்தராசாவுக்குப் போன் எடுத்தார். அந்த இடத்துக்கு அப்போதே வேறு ஆள் எடுத்தாயிற்று. இனி வயது போனவர்களை எடுக்கமாட்டார்களாம். குணரத்தினம் போனை வைத்தார். துக்கம் துக்கம்தான். ஆனாலும் வீட்டுக்காகத்தானே விட்டோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அடுத்த குளிர்காலம் வந்தது. தரையில் தட்டும் வந்தது. அந்தத் தேறுதலைப் பிடித்துக்கொண்டுதான் அவர் எழுந்து எழுந்து போனார்.

அந்த மார்கழியில் சிவநேசமும் நிரோஜாவும் ஒரு கலியாணத்துக்கு ரொறன்ரோ போனார்கள். அவர்கள் போன மறுநாள் காலை இரவிச்சந்திரன் ஒரு பிளம்பரைக் கூட்டிக்கொண்டு பேஸ்மெண்டுக்கு இறங்கி வந்தார். பிளம்பர் மீற்றரை வைத்துப் பார்த்தான். கரண்ட் வருகிறது, மோட்டார் சுழலவில்லை. குழாயில் தண்ணீரைக்கூட இறக்கவில்லை. பழைய தகரப் பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டினான். குணரத்தினம் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. மேலே போய்த் தெர்மோஸ்டாட்டைத் திருகச் சொன்னான். கீழே பெட்டி மெல்ல இரைந்தது, வால்வு திறந்தது, பொயிலர் எரிந்தது. குணரத்தினத்திடம் யாரும் எதுவும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

பிளம்பர் போன பிறகு இரவிச்சந்திரன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "உதைப் போன குளிருக்கே செய்ய வெளிக்கிட்டனான் அத்தான். நேசம்தான் விடேல்லை."

ஏன் என்று குணரத்தினம் கேட்டார். அது தனக்குத் தெரியாது, கேட்டால் சண்டைக்கு வருகிறாள், அதனால்தான் அவள் இல்லாத நேரம் பார்த்துச் செய்ததாகச் சொல்லிவிட்டு அவர் கடைக்குப் போய்விட்டார். பாவம், நல்ல மனிதர். தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரியாது.

சிவநேசம் ஞாயிறு பின்னேரம் வந்தாள். பயண உடுப்பைக்கூட மாற்றாமல் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து அண்ணனுக்கு முன்னால் வைத்தாள். ஏன் திருத்த விடவில்லை என்று அவர் கேட்டதும் முதலில் பிளம்பருக்கு நேரம் கிடைக்கவில்லை என்றாள். பிறகு மறந்துபோனதாகச் சொன்னாள். அவர் தேத்தண்ணியைத் தொடவில்லை. கடைசியில் எதிரே இருந்த கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

"ஃபக்டரி பூட்டினாப் பிறகு நீங்கள் இந்த மேசையில இருந்து ஒரு நாள்கூட வயிறாரச் சாப்பிடேல்லை அண்ணை. நான் கீழ வந்து பாக்கேக்க சுவரைப் பாத்துக்கொண்டு கிடப்பியள். என்ன செய்துபோடுவியளோ எண்டு எனக்குப் பயம். உந்த வால்வு பழுதானாப் பிறகுதான் மனிசராய் நடமாடினியள். அதான் திருத்த விடேல்லை. பிள்ளையை ரெண்டு சுவெற்றர் போட்டுக்கொண்டு படிக்கச் சொன்னனான்."

அவள் அழுதாள். குணரத்தினத்துக்கும் கண் கலங்கியது. தன்னை இவ்வளவு கவனித்த ஓர் உயிர் உலகத்தில் இருக்கிறதே என்ற நன்றியும், நெஞ்சைக் கல்லால் இடித்த வலியும் ஒன்றாக வந்தன. துறைமுகத்து வேலை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவள் சாகும்வரை தன்னைத்தானே மன்னித்திருக்க மாட்டாள். அதை அவர் விழுங்கினார். கதை சொல்லும் எனக்கு யார்மேல் கோபப்படுவதென்று இன்றுவரை தெரியவில்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நல்லதுதான் செய்தார்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

சிவநேசம் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மனதில் இருந்த பாரம் இறங்கியதில் குரல்கூட லேசாகியிருந்தது.

"சரி, அவர் திருத்திப்போட்டார். அதுவும் நல்லதுக்குத்தான். உங்களை இஞ்சை கட்டிப்போட்ட மாதிரி எனக்கும் ஒரு கவலை இருந்தது. இனியெண்டாலும் வெளியால ஒரு வேலை தேடுங்கோவன் அண்ணை. ஆனந்தராசா அண்ணையிட்டக் கேட்டுப் பாத்தால் என்ன?"

குணரத்தினம் தேத்தண்ணியைக் கடைசி மிடறு வரை குடித்தார்.

"ஓம்," என்றார். "கேட்டுப் பாப்பம்."