எந்த உப்பாறு?

எங்கள் வீட்டில் உப்பாறு என்றால் தேநீர். என் கணவர் எங்கே போய்த் திரும்பினாலும் கிண்ணியா உப்பாற்றுப் பாலத்தடியில் நின்று தொலைபேசியில் ஒரு கோல் எடுப்பார். நான் கேத்தலை அடுப்பில் வைப்பேன். பத்து நிமிடத்தில் ஆள் வாசலில் நிற்கும்.

அன்று அவர் மட்டக்களப்பில் தன் தங்கையைப் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். மூன்று நாளாக அடைமழை. நான் மூதூர்ப் பக்கம் புவியியல் படிப்பிக்கிறவள். பள்ளியை நேரத்தோடு விட்டதால் கங்கையையும் உப்பாற்றையும் கடந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தேன். கோல் வந்தது.

"உப்பாத்தடியில நிக்கிறன். அங்கால றோட்டு எப்பிடி? தண்ணி நிக்குதாமே?"

"இப்பதானே நான் வந்தனான். முழங்காலுக்கும் இல்ல. பயப்படாம வாங்க."

"சரி டீச்சர்," என்றார்.

தேநீர் ஆறி ஆடை கட்டியது. ஆள் வரவில்லை. எங்காவது மழைக்கு ஒதுங்கியிருப்பார் என்று பிள்ளைகளின் வரைபடங்களைத் திருத்த உட்கார்ந்தேன். எங்களுக்குக் கங்கை என்றால் மகாவலி; ஒரு பிள்ளை அதை இமயமலையில் உற்பத்தியாக்கி வைத்திருந்தது. இரண்டு கங்கையும் போய் விழுவது வங்காள விரிகுடாவில்தானே என்று சிரித்துக்கொண்டு அடுத்ததை எடுத்தேன். அதில் உப்பாறு இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று கிண்ணியாவில், மற்றது பனிச்சங்கேணியில். வெட்டப்போன சிவப்புப் பேனை நின்றுவிட்டது.

பிள்ளை எழுதியது சரி. கடல்நீர் ஏறுகிற இடத்திலெல்லாம் நம் முன்னோர் அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள், பக்கத்தில் ஊரையும் எழுதுங்கள் என்று வகுப்பில் தொண்டை கிழியச் சொன்னவளே நான்தான்.

மட்டக்களப்பிலிருந்து வருகிறவருக்கு முதலில் வருவது பனிச்சங்கேணி உப்பாறு. அதற்கும் எங்களுக்கும் இடையில் வெருகல் ஆறு, அதற்குப் பிறகு கங்கை. அவர் அங்கே நின்று கேட்டிருக்கிறார். நான் இங்கே பார்த்த தண்ணீரைச் சொல்லி அவரை வரச் சொல்லியிருக்கிறேன்.

உடனே கோல் எடுத்தேன். அவருடைய தொலைபேசி வேலை செய்யவில்லை. துஆ ஓதத் தொடங்கினால் பாதியில் சொல் தப்பியது. வெருகலில் தண்ணீர் றோட்டை மேவிப் பாய்கிறது என்று வானொலி சொன்னதும் அதை நிறுத்திவிட்டேன். கேட்கப் பயம். கேட்காமல் இருக்கவும் பயம். நான்தான் அனுப்பினேன் என்பதைத் தவிர வேறொன்றும் மனதில் நிற்கவில்லை.

பின்னேரம், அஸர் தொழுகை நேரம் ஓர் உழவு இயந்திரம் வாசலில் வந்து நின்றது. பின்னால் பூட்டியிருந்த இழுவைப் பெட்டிக்குள்ளிருந்து அவர் இறங்கினார். மோட்டார் சைக்கிள் இல்லை. வெருகலில் அதைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது என்றும், பின்னால் வந்த தாங்கள் சட்டையில் பிடித்து இவரை இழுத்தெடுத்ததாகவும் ஓட்டிவந்தவர் சொன்னார்.

அவர் சட்டையில் நெஞ்சுக்குக் குறுக்கே சேற்றுக் கோடு ஒன்று இருந்தது. அதில் விரலை வைத்தார்.

"டீச்சர்ட முழங்கால் இதுதானா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் கேத்தலை மறுபடி அடுப்பில் வைத்தேன்.