மரியாதையாக எழுதினால் வராது

“பதினோரு வருஷமா சொல்றேன், கேட்டுக்கோ. நல்ல கடுதாசி ஒண்ணக்கூட என் வடிகட்டி முழுங்கினதில்ல. எந்தக் கடுதாசியா இருந்தாலும் சரி, மோந்து பாத்தே சொல்லிருவேன்.”

மால்டா தீவில் மோஸ்டா ஊர் பேண்டு சங்கத்து மதுக்கடையில் விஸ்டின் ஷெபெராஸ் இப்படி முழங்கியபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மதுக்கடைக்காரர். அவருக்கு வேறு போக்கிடமில்லை. மற்றவர் டிராம்போன் வாசிக்கும் நார்டு.

“உங்க கம்பெனிக்கு வேலை கேட்டு எழுதியிருந்தேனே, வந்துச்சா?” என்றார் நார்டு.

“வரலயே.”

“அனுப்பினேனே?”

“அப்ப அது குப்பைடா. அதத்தான சொல்லிக்கிட்டிருக்கேன்.”

மால்டாவின் அஞ்சல் வரலாற்றை என்றாவது யாராவது எழுதினால் விஸ்டினுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியே தீர வேண்டும். ஸ்லீமா கடற்கரையில், பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இயங்கும் ‘தங்க ஆமை’ என்ற இணையச் சூதாட்டக் கம்பெனியில் அவர் மின்னஞ்சல் பிரிவுக்குத் தலைவர். அந்தப் பிரிவில் அவரைத் தவிர யாரும் கிடையாது என்பது அந்தப் பதவியின் பெருமையைக் குறைத்துவிடாது.

தங்க ஆமையில் கணக்குத் திறக்க இரண்டு நிமிடம் போதும். தூக்கத்தில்கூடத் திறக்கலாம், திறந்தவர்களும் உண்டு. மூடுவதற்கு மட்டும் முறைப்படி மின்னஞ்சல் எழுத வேண்டும். அந்த மின்னஞ்சல் முதலில், குப்பைக் கடிதங்களைப் பிரித்தெடுக்கும் விஸ்டினின் வடிகட்டிக்குள் நுழைந்து வெளியே வந்தாக வேண்டும்.

அந்த வடிகட்டி உருவானதற்கு ஒரு கதை உண்டு. முன்பொரு காலத்தில் மகா பணிவான ஒரு மனிதர் ‘தயவுசெய்து’, ‘சிரமத்துக்கு மன்னிக்கவும்’, ‘மிக்க நன்றி’ என்று உருகி உருகி எழுதி, முப்பத்திரண்டு கள்ளக் கணக்குகளைத் திறந்து கம்பெனியை மொட்டையடித்தார். அவரைப் பிடித்துக்கொடுத்தவர் விஸ்டின்தான். அன்றைக்கே அவருக்கு ஞானம் பிறந்தது. சூதாட்டத்தில் உண்மையான வாடிக்கையாளன் திட்டத்தான் செய்வான். தோற்றவன் திட்டுவான், ஜெயித்தவன் ஏன் தாமதம் என்று திட்டுவான். மரியாதையாகப் பேசுகிறவன் மட்டுமே திருடன். எனவே பணிவான சொற்கள் மூன்றுக்கு மேல் இருந்தால் கடிதம் நேராகக் குப்பைப் பெட்டிக்குப் போகும்படி விதி எழுதினார். வசவுகள் ராஜபாட்டையில் வந்து இறங்கின. திட்டு குறையவே இல்லை என்பதால் வடிகட்டி பிரமாதமாக வேலை செய்கிறது என்று அவர் முடிவுகட்டினார்.

சாந்தா மரியா திருவிழாவுக்கு முந்தின நாள். தீவே விடுமுறையில் இருந்தது. அலுவலகத்தில் இருந்தது இரண்டே பேர். விஸ்டின் ஒருவர். வாடிக்கையாளர்களோடு உடனுக்குடன் எழுதிப் பேசும் அரட்டை மேசையில் மெலிட்டா என்ற பெண் மற்றவர். விஸ்டின் ஒன்றரை மணிக்குக் கிளம்பி மோஸ்டாவில் பெரிய மேளம் அடிக்க வேண்டும். தொப்பி மேசைமேல் தயாராக இருந்தது.

“அண்ணே, எய்லான்னு ஒரு அம்மா, ஃபின்லாந்துல குவோபியோ ஊராம். அக்காவோட போன்ல இருந்து எழுதுறாங்களாம். கணக்க நிரந்தரமா மூடச் சொல்லி நாலு மெயில் போட்டாங்களாம். பதிலே இல்லையாம்.”

“எனக்கு வரலம்மா.”

“இதக் கேளுங்க.” மெலிட்டா திரையைப் பார்த்து வாசித்தாள். “‘நான் ஏதாவது தவறாக எழுதிவிட்டேனா? என் அக்கா ராக்கெல் மூன்று வாரமாக என் கைப்பேசியைத் தன்னிடமே வைத்திருக்கிறாள். மூன்று மணி ரயிலில் அவள் ஊருக்குப் போகிறாள். அதன் பிறகு நானும் கைப்பேசியும் மட்டும்தான் வீட்டில். மறுபடி ஆடிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிக்கவும்.’”

விஸ்டின் கடிகாரத்தைப் பார்த்தார். ஃபின்லாந்து மால்டாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அங்கே மூன்று என்றால் இங்கே இரண்டு. இங்கே பன்னிரண்டு அடித்திருந்தது.

“இன்னொரு தடவ அனுப்பச் சொல்லு. வந்த நிமிஷமே மூடிர்றேன்.”

ஐந்தாவது கடிதம் கிளம்பியது. விஸ்டின் பெட்டிக்கு வரவில்லை.

“குப்பைல பாத்தீங்களாண்ணே?”

“ஏம்மா, குப்பையத் தொறந்து பாக்கவா வடிகட்டி வச்சிருக்கேன்?”

“கடுதாசி கெடக்கட்டும், நீங்களே மூடிட்டா என்ன?”

“கடுதாசி இல்லாம மூடினா நாளைக்கு அவங்களே வந்து, யாரக் கேட்டு மூடினேன்னு என் கழுத்தப் பிடிப்பாங்க. விதி விதிதான்.”

மெலிட்டா பற்களைக் கடித்துக்கொண்டு அரட்டைப் பெட்டியில் எதையோ தட்டினாள். பிறகு திரும்பி, “உங்க வடிகட்டிக்கு மரியாதை பிடிக்காதுன்னு ஆபீஸ் பூரா சொல்றாங்க, நெசமாண்ணே?” என்றாள்.

“மரியாதையா எழுதுறவன் திருடன்.”

“அப்ப அந்தம்மாவத் திட்டச் சொல்றேன்.”

எய்லா திட்ட முயன்றார். நாற்பது வருஷம் பள்ளி நூலகத்தில் ‘சத்தம் போடாதீர்கள்’ என்று மட்டுமே சொல்லிப் பழகியவர். பன்னிரண்டே முக்காலுக்கு அரட்டையில் பதில் வந்தது: ‘எனக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கிறது என்று கடுமையாக எழுதிவிட்டேன். தயவுசெய்து தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நன்றி.’ இந்த ஆறாவது கடிதமும் வரவில்லை.

வெளியே பகல் வெடிகள் வானத்தில் டமாரென்றன. விஸ்டின் தொப்பியை எடுத்தார், வைத்தார். மணி ஒன்றே கால்.

அப்போது பெட்டியில் ஒரு கடிதம் குதித்தது. எய்லாவின் முகவரியிலிருந்து வந்திருந்தாலும் விரல் வேறு யாருடையதோ.

“டேய் ஆமைப் பயலுகளா! நான் அவ அக்கா. ஆறு கடுதாசி போட்டிருக்கா என் தங்கச்சி, உங்க கண்ணு அவிஞ்சா போச்சு? தெறக்கறதுக்கு மட்டும் பல்ல இளிக்கிறீங்களே, மூடச் சொன்னா எந்தப் பொந்துக்குள்ள போய் ஒளியுறீங்க? அவ பக்கத்துல உக்காந்து தலையாட்டுறா. இப்ப மூடுறீங்களா, நான் ரயில விட்டுட்டுக் கப்பலேறி அங்க வரட்டுமா?”

வடிகட்டி இதற்குக் கம்பளம் விரித்திருந்தது. முதல் வரிசையில், கொட்டை எழுத்தில், ‘நம்பத்தக்கது’ என்ற பச்சைக் குறியோடு.

விஸ்டின் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் சரிபார்த்தார். ‘நிரந்தரமாக மூடு’ என்பதை அழுத்தினார். கம்ப்யூட்டர் நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம் என்றார். மறுபடி கேட்டது. இரண்டு தடவை கேட்கும்படி வைத்ததும் அவர்தான் என்பதால் பொறுமையாக மறுபடி அழுத்தினார். மணி ஒன்று இருபத்தெட்டு.

“மூடியாச்சு. சொல்லிரும்மா.”

மெலிட்டா தட்டினாள். வந்த பதிலை வாசித்தாள். “‘இனி நானே கெஞ்சினாலும் திறக்க முடியாதா?’”

“முடியாதுன்னு போடு. அவங்க எம்புட்டுக் கெஞ்சினாலும்.”

“‘அக்கா அழுகிறாள். கைப்பேசியை என் கையிலேயே கொடுத்துவிட்டாள். ரயிலுக்கு முன்னால் அவளுக்குக் காபி போடப் போகிறேன். உங்கள் மின்னஞ்சல் துறைக்குத் தனியாக நன்றி எழுதியிருக்கிறேன்.’”

விஸ்டினுக்கு மாடியே லேசானதுபோல இருந்தது. மெலிட்டா பையிலிருந்து பாலாடைக்கட்டி வைத்த பஸ்தீட்சிப் பலகாரம் ஒன்றை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். “மேளத்துக்கு நேரமாகுது, போங்கண்ணே.”

“நீ கெளம்பு. நான் பின்னாலயே வர்றேன்.”

அவள் போன பிறகு நன்றிக் கடிதத்துக்காகக் காத்திருந்தார். பெட்டியில் எதுவும் விழவில்லை. ஐந்து நிமிடம் கழித்து, யாரோ எட்டிப் பார்ப்பதுபோல் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகக் குப்பைப் பெட்டியைத் திறந்தார்.

நன்றிக் கடிதம் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. அதற்குக் கீழே எய்லாவின் ஆறு கடிதங்களும் வரிசையாகக் கிடந்தன, ஒவ்வொன்றும் முந்தியதைவிட அதிக மரியாதையோடு. அதற்கும் கீழே வேறு பெயர்கள். ஒரு மாதத்துக்கு முந்தியவற்றைக் கம்ப்யூட்டரே அழித்துவிட்டிருந்தது. பாதிக்குமேல் வெறும் நன்றிகள். கிறிஸ்துமஸ் வாழ்த்து ஒன்று ஆகஸ்ட் மாதத்தில் ஏன் வந்தது என்று தெரியவில்லை. மூன்று பேர் மட்டும் ‘தயவுசெய்து மூடிவிடுங்கள்’ என்று கேட்டிருந்தார்கள். மூன்றும் இந்த வாரத்துக் கடிதங்கள். கடிதம் போட்ட பிறகு மூன்று பேருமே எதையும் ஆடியிருக்கவில்லை. ஒவ்வொன்றாக மூடினார். விதியை அழித்தார்.

கடைசியாக எய்லாவுக்கு மூன்று வரி எழுதினார்.

‘அம்மா, நீங்கள் எதையும் தவறாக எழுதவில்லை. உங்கள் கடிதங்கள் எல்லாமே சரியாக வந்து சேர்ந்திருந்தன. நான்தான் அவற்றைக் குப்பையில் போட்டுவைத்திருந்தேன்.’